இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு

வானம்பாடிகள் கூடு கட்டிய வயலை மூடி
வீடு கட்டியவர்கள்
தெருவுக்கு வானம்பாடி என்று பெயர் வைத்தார்கள்.
வார்விக்‌ஷயரில் இது வழக்கம்:
துரத்தியதைப் பலகையில் எழுதிவிடுவது.

என் வீடு எண் பதினேழு.
இரண்டு படுக்கையறை, முப்பது வருடக் கடன்,
பத்திரத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
கையெழுத்துப் போடும் அவசரத்தில்
நான் தாண்டிப்போன ஒரு பத்தி.

மார்ச் மாதம் உறை வருகிறது.
புல் வெட்ட, குளத்து மதகில் குப்பை எடுக்க,
ஊஞ்சல் ஆடுகிறதா என்று ஒருவர் வந்து
ஆட்டிப் பார்க்க
நூற்றுப் பதினொரு பவுண்டு.
இதையெல்லாம் நிர்வகிக்க
இருநூற்று நாற்பது.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

கவுன்சில் வரி தனி.
அந்தக் காசில் ரயில்பாதைக்கு அப்பால்
பழைய ஊரின் புல் ஒழுங்காய் வெட்டப்படுகிறது.
எங்கள் சாலையை மட்டும் இன்னும் யாரும்
தத்தெடுக்கவில்லை.
அறுபத்து மூன்றாம் எண் பேருந்தை ஓட்டுகிறவள் நான்.
என் தெருவுக்குள் அதைத் திருப்ப
எனக்கு அனுமதி இல்லை.
கடைசி நடையை டெப்போவில் விட்டுவிட்டு
இன்னொருத்தி ஓட்டும் பேருந்தில் முனைவரை வந்து
மழையில் மீதியை நடக்கிறேன்.

ஜூனில் புல் முழங்காலைத் தொட்டது.
தொலைபேசினேன். இருபத்தேழு நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பெண்,
பாவம், சின்னக் குரல்,
பதிவு செய்துகொண்டதாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை நாற்பத்தொன்றாம் வீட்டு ஓடிஸ் பெல்
அளவுநாடாவோடு வந்தார்.
மொத்தப் பரப்பை இருநூற்றுப் பன்னிரண்டால் வகுத்து
ஆளுக்கு நாற்பத்து நான்கு சதுர மீட்டர் என்றார்.
எந்த நாற்பத்து நான்கு என்று கேட்டேன்.
அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

நீல நைலான் கயிறு கட்டினோம்.
அவர் குளத்தங்கரை. நான் ஊஞ்சலடி.
மதியத்துக்குள் பதினோரு பேர்,
பதினோரு சதுரங்கள்.
தூக்கத்தில் எழுந்து பாதி சவரம் செய்த
முகம்போல இருந்தது மைதானம்.
யாரோ பியர் கொண்டுவந்தார்கள்.
நான்கு வருடத்தில் முதல்முறையாகப்
பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள் தெரிந்தன.

ஒன்பதாம் நாள் கடிதம்.
அனுமதியற்ற பராமரிப்பு.
கடிதம் எழுதிய செலவு அறுபது பவுண்டு.
கீழே ஒரு வரி, தடித்த எழுத்தில்:
உங்களுக்குப் பங்கு இருப்பது செலவில்;
நிலத்தில் அல்ல.

பிரையனி ஹார்க்னஸ் வீட்டை விற்க நினைத்திருந்தாள்.
பாக்கி இல்லை என்று கம்பெனி சான்று தந்தால்தான்
விற்க முடியும்.
சான்றுக்கும் ஒரு கட்டணம்.
சமையலறையில் நின்றபடியே
கைபேசியில் எல்லாவற்றையும் கட்டினாள்.
அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை.
மறுவாரம் நானும் கட்டினேன்.
பணம் அனுப்பும்போது, குறிப்பு என்ற கட்டத்தில்
பதினெட்டு எழுத்து எழுத இடம் தருகிறார்கள்.
ஊஞ்சலுக்கு எண்ணெய் என்று எழுதினேன்.

ஓடிஸ் அறுக்காமல் விட்ட மூலையில்
ஒரு தாழைக்கோழி முட்டையிட்டது.
கூட்டில் எங்கள் நீலக் கயிறு ஒரு சாண்.

அக்டோபரில் ஓர் இரவு
டெப்போவிலிருந்து ஒரு குப்பி எண்ணெய் எடுத்துவந்து
ஊஞ்சல் கொக்கிகளில் நானே விட்டேன்,
திருடியைப்போல, கைவிளக்கு இல்லாமல்.

இந்த மார்ச் கணக்கில்
புதிதாய் ஓர் இனம்:
ஊஞ்சல், எண்ணெயிடல், நாற்பத்தாறு பவுண்டு.

பிரையனியின் வீட்டுக்குக் குடிவந்தவர்களின் பையன்
சத்தமே இல்லாமல் உயரப் போகிறான்.
அப்பாவும் அம்மாவும் கைதட்டுகிறார்கள்.
அவர்கள் பத்திரம் இன்னும்
அட்டைப்பெட்டியில்தான் இருக்கும்.